இட்லி சாப்பிட்டதை மறைத்தேன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பேன், அதுதான் என் மேடைப் பேச்சு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெண்களும் ஆரோக்கியமும் என்று தலைப்பு கொடுத்தார்கள். அது நம்ம மணிமங்கலம் ஏரி மாதிரி பெரிசு. நான் அதில் ஒரு குடம் மட்டும் மொண்டு வந்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் கொடுக்கிற மயக்கம், ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற வலி. இந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

ஏன் இதை எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாசாமாசம் பத்து நாள், பன்னிரண்டு நாள் போகும். ரத்தம் ஏழு கிராமுக்கு இறங்கிவிட்டது. எடுக்கணும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று உள்கடன் 30,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாவது வாரம் கூட்டத்துக்கு அந்தப் பணத்தை அப்படியே மஞ்சப்பையில் கொண்டுவந்து வைத்தார்கள். நோட்டுக் கட்டு பிரிக்கவே இல்லை. "வேணாம்மா, கணக்குல வரவு வெச்சுக்கோங்க" என்றார்கள். குழு ஆரம்பித்ததிலிருந்து கடனைச் செலவு செய்யாமல் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்ததில்லை. நாங்கள் எல்லாம் பணப் பிரச்சினை, வீட்டுக்காரர் பிரச்சினை என்று நினைத்தோம். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது சொன்னார்கள்: "கத்திக்கு பயம் இல்லடி. அந்த முதுகு ஊசிக்குத்தான் பயம். போட்டா ஆயுசுக்கும் இடுப்பு எந்திரிக்காதாமே. முழுசா மயக்கம் கொடுத்தா, எந்திரிக்கலன்னா என்ன பண்றது?"

அவர்கள் அனுமதி கொடுத்துத்தான் இதைச் சொல்கிறேன். பேர் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது என் கதை. எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் சுகப்பிரசவம். இரண்டாவது, பதினொரு வருஷத்துக்கு முன்னால், குழந்தை தலை மேலே, உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதனால் முன்னாடியே தேதி குறித்து ஆபரேஷன் என்றார்கள். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பு எதுவும் இல்லை. தப்பு எங்கள் வீட்டில்.

முதல் நாள் சாயங்காலம் சிஸ்டர் வந்து, "நைட் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடக் கூடாது, காலைல ஆறு மணி வரைக்கும் வெறும் தண்ணி மட்டும் குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் ஆறரை மணிக்கு என் மாமியார் தூக்குச்சட்டியோடு வந்துவிட்டார்கள். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால் காபி. "வயித்துல ஒண்ணும் இல்லாம எப்படிம்மா கத்தி வெப்பாங்க? உள்ள இருக்கற உசுருக்குப் பசிக்காதா? சும்மா சாப்பிடு, யாருக்குத் தெரியப் போகுது" என்றார்கள். பாசத்தில்தான் சொன்னார்கள். எனக்கும் பசி. சாப்பிட்டுவிட்டேன். சட்டியைக் கூடைக்குள் தள்ளிப் புடவையைப் போட்டு மூடினோம், ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி.

எட்டரை மணிக்குத் தியேட்டருக்கு வெளியே மயக்கம் கொடுக்கிற டாக்டர் அம்மா வந்து கேட்டார்கள். "கடைசியா என்ன சாப்பிட்டீங்க? எத்தனை மணிக்கு?" நான் மாமியார் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் கண்ணைக் காட்டினார்கள். சாப்பிட்டேன் என்றால் மத்தியானத்துக்குத் தள்ளிவிடுவார்கள், அதற்குள் ராகு காலம் வந்துவிடும் என்று எங்களுக்கு ஒரு கணக்கு. "ஒண்ணும் சாப்பிடல மேடம்" என்றேன்.

முதுகில் ஊசி போட்டு, கால் மரத்து, படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கியது. தலை சுற்றல், வயிற்றைப் புரட்டல், உடனே வாந்தி. இட்லி அப்படியே வந்தது. அந்த அம்மா ஒரு நொடி அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பி, குழாய் வைத்து உறிஞ்சி, மருந்து ஏற்றி, எல்லாம் கடகடவென்று செய்தார்கள். நான் முழித்திருந்தேன், அதனால் என்னாலேயே இருமித் துப்ப முடிந்தது. குழந்தை பிறந்தது, ஆண். தையல் போடும்போது தலைமாட்டில் நின்று அந்த அம்மா என்னைத் திட்டினார்கள் பாருங்கள், என் அம்மா கூட அப்படித் திட்டியதில்லை.

அவர்கள் சொன்னது இதுதான். நாம் முழித்திருக்கும்போது தொண்டையில் ஒரு காவல் இருக்கிறது. சோறு தண்ணீர் தப்பான குழாய்க்குள் போனால் புரையேறி இருமி வெளியே தள்ளிவிடுவோம். முழு மயக்கம் கொடுத்தால் அந்தக் காவலும் தூங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குள் போகும். வயிற்றுப் புளிப்போடு சேர்ந்து போகிற இட்லி நுரையீரலைப் பொசுக்கிவிடும், ஆளே போய்விடலாம். முதுகு ஊசி சரியாகப் பிடிக்காமல் போய் முழு மயக்கம் கொடுக்க வேண்டிவந்திருந்தால் என் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். "உங்க மாமியார் இட்லி கொடுத்தது தப்பில்லம்மா, தெரியாம கொடுத்தாங்க. நான் கேட்டப்ப நீ இல்லன்ன பாரு, அதுதான் தப்பு. நாலு மணி நேரம் தள்ளி வெச்சிருப்பேன், அவ்வளவுதானே?"

எத்தனை மணி நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இட்லி, தோசை மாதிரி லேசான ஆகாரம், பால், பால் சேர்த்த காபி, டீ என்றால் 6 மணி நேரம். பிரியாணி, கறிக்குழம்பு, எண்ணெயில் பொரித்தது என்றால் 8 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. கைக்குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பு வரை. காபியில் பால் இருக்கிறது என்பதையே நாம் மறந்துவிடுகிறோம், "காபிதானே குடிச்சேன்" என்போம். உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்கணும். இன்னொன்று, பயத்தில் சிலர் முதல் நாள் மத்தியானத்திலிருந்தே பச்சைத் தண்ணீர் கூட குடிக்காமல் கிடப்பார்கள். அதுவும் வேண்டாம். தண்ணீருக்குச் சொன்ன நேரம் வரைக்கும் குடிக்கலாம்.

விபத்து, அவசரம் என்று 108-ல் கொண்டுபோகும்போது வயிறு காலியாக இருக்காது. அது அவர்களுக்குத் தெரியும், அதற்கு ஏற்ற மாதிரி வேறு முறையில் மயக்கம் கொடுப்பார்கள். உண்மை தெரிந்தால் போதும், வழி இருக்கிறது.

அதற்குத்தான் என் தம்பி கதை. ஒரகடம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினான். நம்மில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் அந்த மெஷினில் நிற்கிறார்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு விரல் நுனி நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர் கேட்டார்: சாப்பாடு எப்போ, மாத்திரை எதாவது சாப்பிடுறியா, குடிப்பழக்கம் உண்டா, புகையிலை? பக்கத்தில் அவன் பெண்டாட்டி நின்றாள். எல்லாத்துக்கும் "இல்ல சார்". டாக்டர் புரிந்துகொண்டார் போல. "அம்மா, வெளில பில் போட்டுட்டு வாங்க" என்று அவளை அனுப்பிவிட்டு மறுபடி கேட்டார். அப்போதுதான் சொன்னான், தினமும் வாயில் புகையிலை அடக்குவான், முந்தின ராத்திரி குடித்திருந்தான். தினமும் குடிக்கிறவர்களுக்கு மருந்தின் அளவு மாறும், இரண்டு நாள் குடிக்காமல் இருந்தால் கை நடுங்கி, உளறி, வேறு ஆபத்தும் வரும். டாக்டர் போலீஸ் இல்லை, அப்பா இல்லை. கணக்குப் போடுவதற்காகக் கேட்கிறார். வீட்டு ஆட்கள் முன்னால் சொல்ல முடியாததை, "கொஞ்சம் தனியா பேசணும் டாக்டர்" என்று நாமே கேட்கலாம். பெண்களுக்கும் இது உண்டு. நாள் தள்ளிப் போயிருக்கும், மாமியார் முன்னால் சொல்லக் கூச்சம். முன்னே கலைந்ததைக் கணவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதையும் தனியாகச் சொல்லலாம்.

அவனுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டே தோள்பட்டைக்கு மேலே, கழுத்தோரம் ஒரு ஊசி. கைக்குப் போகிற நரம்பெல்லாம் அந்த இடத்தில் கட்டு மாதிரி சேர்ந்து போகிறதாம். அரை மணி நேரத்தில் கை முழுக்க மரக்கட்டை. ஆள் முழித்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தான், உள்ளே தையல் நடந்தது. வெளியே வந்து, "அக்கா, இந்தக் கை யாரோடதுன்னே தெரியல" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு ராத்திரி பதினொரு மணி வரைக்கும்தான். சிஸ்டர் எட்டு மணிக்கே வலி மாத்திரை கொடுத்து, "மரப்பு போறதுக்கு முன்னாடியே போட்டுக்கோ" என்றார்கள். "எனக்குத்தான் வலிக்கவே இல்லையே" என்று தலையணைக்கடியில் வைத்துவிட்டான். ஆம்பிளை ரோஷம் வேறு. மரப்பு விட்டதும் வார்டே எழுந்து உட்கார்கிற மாதிரி கத்தினான். வலி நன்றாக ஏறின பிறகு போடுகிற மாத்திரைக்கு அதை இறக்க நேரம் ஆகும். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகு தீயைக் குறைக்கிற மாதிரி. அந்தந்த நேரத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தால் பொங்கவே விடாது. மரத்த கையை இன்னொரு விஷயத்துக்கும் பத்திரமாகப் பார்க்கணும். சூடான டம்ளர் பட்டால் தெரியாது, கட்டில் கம்பியில் மாட்டி நசுங்கினாலும் தெரியாது. தூளி கட்டி நெஞ்சோடு வைத்திருக்கணும்.

இப்போது முதுகு ஊசி. நம் அக்காவின் பயம், உங்களில் பல பேருடைய பயம். அந்த டாக்டர் அம்மாவிடமே நான் கேட்டேன், பிறகு எங்கள் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்டேன்.

இடுப்புக்கிட்டே, முதுகெலும்பில் இரண்டு எலும்புக்கு நடுவில் போடுவார்கள். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. கீழே இருப்பது தண்ணீரில் மிதக்கிற சேமியா மாதிரி தனித்தனி நரம்புகள். ஊசி போனால் அவை ஒதுங்கிக்கொள்ளும். ஊசி நாம் ரவிக்கை தைக்கிற ஊசியை விட மெல்லிசு. மருந்து அரை ஸ்பூன் இருக்கும், அவ்வளவுதான். போட்டதும் பாதத்திலிருந்து வெதுவெதுப்பு ஏறும், கால் கனக்கும், பிறகு நம்முடையது இல்லை என்கிற மாதிரி ஆகிவிடும். யாரோ வயிற்றை இழுப்பதும் அமுக்குவதும் தெரியும், வலி தெரியாது. வலி தெரிந்தால் உடனே சொல்லணும், அவர்களும் கிள்ளிப் பார்த்து, குளிர்ச்சியாகத் தொட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் ஆரம்பிப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கால் திரும்ப வந்துவிடும். உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கும், எனக்கும் நடுங்கியது, பேய் பிடித்த மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆயுசுக்கும் இடுப்பு வலி என்பது அந்த ஊசியால் வருவதில்லை. ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களையும் போடாதவர்களையும் வைத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில், நீண்ட நாள் முதுகு வலி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். பத்து மாதம் வயிறு முன்னால் இழுக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு குனிந்து குனிந்து பால் கொடுக்கிறோம், தூக்கம் இல்லை, நாற்பதாம் நாள் குடத்தை இடுப்பில் வைத்துவிடுகிறோம். எனக்கும் இடுப்பு வலி இருக்கிறது. ரொம்ப நாள் ஊசியைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் அம்மா ஐந்தையும் வீட்டிலேயே பெற்றவள், ஒரு ஊசி போட்டதில்லை, அவளுக்கு என்னை விட அதிகம் வலி. அதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். சில பேருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து, எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் குறையும். அப்படி வந்தால் "ஒத்தத் தலவலி" என்று தைலம் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் முதுகு ஊசி போட்டதைச் சொல்லுங்கள், அதற்கென்று வைத்தியம் இருக்கிறது. கால் மரப்பு போகவில்லை, ஒன்றுக்குப் போக முடியவில்லை, காய்ச்சலோடு கழுத்து இறுகுகிறது என்றால் அன்றைக்கே போகணும்.

முழு மயக்கத்தில் எழுந்திருக்காமல் போனால் என்கிற பயத்துக்கும் பதில் கேட்டேன். மருந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. ஆபரேஷன் முடியும் வரை ஒரு டாக்டர் தலைமாட்டிலேயே இருப்பார். வெட்டுகிற டாக்டர் வயிற்றைப் பார்ப்பார், இவர் ஆளைப் பார்ப்பார். மூச்சு, பிரஷர், நாடி எல்லாம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். கொரோனா சமயத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்களே, அதே கிளிப்பை விரலில் மாட்டுவார்கள். அதனால்தான் நகப்பாலிஷ் அழிக்கச் சொல்கிறார்கள். கட்டின பல் இருந்தால் கழற்றச் சொல்வதும், ஆடுகிற பல் இருந்தால் கேட்பதும் அது தொண்டைக்குள் போய்விடக் கூடாது என்று. மூக்குத்தி, தாலி கழற்றச் சொன்னால் நிறைய பேர் அழுதுவிடுகிறார்கள். மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாமா என்று கேளுங்கள், சில இடத்தில் விடுவார்கள். விடவில்லை என்றால் மாமியார் கையில் கொடுங்கள், இரண்டு மணி நேரம் அவர்கள் மடியில் இருக்கட்டும்.

மாத்திரை விஷயம் முக்கியம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நம் குழு உறுப்பினர்களே அதில் தன்னார்வலராக வேலை செய்கிறார்கள். வாசலுக்கு வருவதாலேயே அதை மருந்து என்று சொல்ல மறந்துவிடுகிறோம். "எதாவது மாத்திரை எடுக்கறீங்களா" என்றால் "இல்ல" என்கிறோம். பிரஷர், சர்க்கரை, தைராய்டு, வீசிங், வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். எதை அன்று காலையில் போடணும், எதை நிறுத்தணும் என்று அவர்கள் சொல்வார்கள். நாமாக நிறுத்தக் கூடாது. முன்னே மயக்கம் கொடுத்தபோது உங்களுக்கோ, ரத்த சொந்தத்தில் யாருக்கோ கோளாறு ஆகியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், கோவிக்காதீர்கள். என் பெண்ணை ஸ்கூலில் திருமுக்கூடல் கூட்டிப்போனார்கள். நம்ம மாவட்டம்தான், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்கிற இடம். அங்கே பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 950 வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஆஸ்பத்திரி நடந்திருக்கிறது, ஆதுலர்சாலை என்று பேர், 15 படுக்கை. ஒரு வைத்தியர், கத்தி வைத்து வைத்தியம் செய்ய ஒருத்தர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிக்கு மருந்து கொடுக்கப் பெண்கள், ஒரு நாவிதர். என் பெண் நோட்டில் எழுதிவந்ததைப் படித்தேன். அந்த வரிசையில் மயக்கம் கொடுப்பதற்கு என்று ஒரு ஆள் இல்லை. அன்றைக்கு உலகத்தில் எங்கேயும் இப்போது மாதிரி மயக்கம் கிடையாது. மூலிகை, கள், சாராயம், பிடித்து அமுக்க நாலு பேர். நம்ம ஊரில்தான் நரசிம்மவர்ம பல்லவனுக்கும் புலிகேசிக்கும் சண்டை நடந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சண்டையில் கை கால் போனவர்கள் என்ன கதறு கதறியிருப்பார்கள் என்று தம்பியை வார்டில் பார்த்த அன்று நினைத்துக்கொண்டேன்.

1846 அக்டோபர் 16-ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் ஊரில் மார்ட்டன் என்கிற பல் டாக்டர் ஈதர் என்கிற மருந்தை மூக்கில் பிடித்து ஒருவரைத் தூங்கவைத்தார், கழுத்தில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அந்தத் தேதியைத்தான் மயக்கவியல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அடுத்த வருஷமே பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் வந்தது. அப்போதும் "பொம்பளை வலியோடதான் பெக்கணும், அதைக் குறைக்கறது பாவம்" என்று பேசினவர்கள் அந்த ஊரிலும் இருந்தார்கள். 1853-ல் விக்டோரியா மகாராணி எட்டாவது பிள்ளைக்கு அதை மோந்துகொண்டு பெற்றார். அதன் பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. ராணிக்கு ஒரு நியாயம்! நம் நாட்டிலும் 1888, 1889-ல் ஹைதராபாத்தில் நிஜாம் பணம் கொடுத்து குளோரோஃபார்ம் ஆராய்ச்சி நடந்தது. அங்கே படித்து அந்த வேலையைச் செய்த ரூபாபாய் ஃபர்துன்ஜி என்கிற பார்சி அம்மாவைத்தான் உலகத்தின் முதல் பெண் மயக்க டாக்டர் என்கிறார்கள். என்னைத் திட்டின அந்த டாக்டர் அம்மா அவர்கள் வழியில் வந்தவர்கள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

வலியைப் பற்றி ஒன்று சொல்லணும். என் பெரிய பெண் பிறந்தபோது தையல் போட்டார்கள். மரக்கிற ஊசி போட்ட கையோடு தைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு குத்தும் தெரிந்தது. "வலிக்குது" என்றேன். "பிள்ளையே பெத்துட்ட, இதப் பொறுத்துக்க மாட்டியா" என்றார்கள். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த ஊசி பிடிக்கச் சில நிமிஷம் ஆகும், பிடிக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் போடலாம் என்று எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரியும். தெரிந்திருந்தால், "மேடம், இன்னும் மரக்கல, கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லியிருப்பேன். இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நம் வீட்டில் பெரியவர்கள், "நாங்க எல்லாம் களத்துமேட்டுலயே பெத்துட்டு நாத்து நட்டோம்" என்பார்கள். அவர்கள் பட்டது உண்மைதான், அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஆபரேஷன் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தால் உடம்புக்கு நல்லது இல்லை. வலிக்குது என்று இருமாமல் இருந்தால் நெஞ்சில் சளி கட்டும். நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். தாய் வலியில் இறுகிக் கிடந்தால் பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுக்க முடியாது. வலி குறைந்தால்தான் எழுந்து நடப்போம், நடந்தால்தான் சீக்கிரம் வீட்டுக்கு வருவோம்.

சிஸ்டர் வந்து, "பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு?" என்று கேட்பார்கள். நாம் "பரவால்ல சிஸ்டர்" என்போம். பரவாயில்லை என்பது எத்தனை மார்க்? எண்ணைச் சொல்லுங்கள். சும்மா படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு என்று இரண்டையும் சொல்லுங்கள். அவர்கள் கேட்கவில்லை என்றால் நாமே சொல்லலாம். திடீரென்று வலி கூடினாலும் சொல்லணும், உள்ளே ரத்தக்கசிவு, சீழ் இருந்தால் அப்படித்தான் தெரியும். பால் கொடுக்கிறோமே, மாத்திரை பிள்ளைக்குப் போய்விடுமே என்று சிலர் துப்பிவிடுகிறார்கள். பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்ற வலி மாத்திரை இருக்கிறது, பாராசிட்டமால் பாலூட்டும்போது போடலாம். பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டு வாங்கிப் போடுங்கள். ஊசி பழகிவிடும் என்றும் பயம். ஆபரேஷன் வலிக்கு டாக்டர் அளந்து இரண்டு மூன்று நாள் கொடுப்பதில் அப்படி ஆகிவிடாது. வீட்டுக்கு வந்த பிறகு மெடிக்கலில் நாமாகக் கேட்டு மாசக்கணக்கில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறோமே, அதுதான் வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும்.

பிரசவ வலியையே குறைக்கிற முதுகு ஊசி உண்டு. எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது, ஆனால் இருக்கிறதா என்று மாச செக்கப் போகும்போதே கேட்டுவைக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை கூட இருக்கலாம். கை பிடித்துக்கொள்ள ஆள் இருந்தாலே வலி பாதி தாங்கும், பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். துணைக்குப் போகிறவர் இட்லிக்காரராக இல்லாமல் இருந்தால் சரி. என் மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். இதைச் சொல்லப்போகிறேன் என்று வீட்டிலேயே சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன்.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கிறது. எந்தெந்த ஆபரேஷன் அதில் வரும், எந்த ஆஸ்பத்திரி என்று முன்னாலேயே விசாரிக்கணும். வீட்டில் கம்பெனி வேலைக்காரர் இருந்தால் இஎஸ்ஐ இருக்கிறதா பாருங்கள். இதைப் பற்றிப் பேச நம் பொருளாளர் அக்கா இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

அந்த அக்கா விஷயத்தை முடித்துவிடுகிறேன். நாலு மாசமாக இரும்புச்சத்து மருந்து ஏற்றினார்கள், ரத்தம் பத்தரைக்கு வந்திருக்கிறது. மயக்க டாக்டரை முன்கூட்டியே பார்க்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது, போன வாரம் போய்ப் பார்த்தோம். அக்கா முதுகு ஊசியைப் பற்றி ஒன்பது கேள்வி எழுதி எடுத்துவந்திருந்தார்கள், குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில். அவர் எல்லாத்துக்கும் பதில் சொன்னார். ஒரு கேள்விக்கு மட்டும் சிரித்துவிட்டார், அது எங்களுக்குள் இருக்கட்டும். உள்கடன் மறுபடி எழுதியாகிவிட்டது, அதே 30,000.

வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். காலையில் ஐந்து மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறோம், நான்தான் கூடப் போகிறேன். மாத்திரை அட்டை எல்லாம் அந்த மஞ்சப்பையிலேயே எடுத்து வைத்தாயிற்று. நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் மாமியாரிடம் திங்கட்கிழமை காலையில் அடுப்பே பற்றவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். "வெறும் வரக்காபியாவது?" என்றார்கள். டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.